முதுகெலும்பிகளை வகைப்படுத்த எந்த முறை: வகுப்பா, கிளையா, கலப்பா?

முதுகுநாணிகளைப் (முதுகெலும்பிகளும் அவற்றின் முதுகெலும்பில்லா நெருங்கிய உறவுகளும் சேர்ந்த கூட்டம்) பற்றிக் குறிப்பெடுக்க உட்காருகிறவரும், பாடம் நடத்தப்போகிறவரும், எலும்புக்கூடுகளை ஒரு கூடத்தில் வரிசையாக வைக்கப்போகிறவரும் தொடக்கத்திலேயே ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். மீன், இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி என்று பள்ளிக்காலத்திலேயே மனப்பாடமான வகுப்புகளில் போடுவதா? யார் யாருக்கு நெருங்கிய உறவு என்று காட்டும் கிளைப் படத்தைப் பின்பற்றுவதா? இல்லை, பல பாடநூல்கள் செய்வதுபோல இரண்டையும் கலந்துகொள்வதா? பாதி வழியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதில்தான் சிக்கலே. முதலை ஒரு பக்கத்தில் பல்லியோடு நிற்கும், பத்துப் பக்கம் தள்ளிப் பறவைக்குச் சொந்தமாகிவிடும். படிப்பவர் இரண்டில் ஒன்று அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

மேலிடத் தீர்ப்பு ஏதாவது இருக்கிறதா என்று தேடினால், இல்லை. விலங்குகளுக்குப் பெயரிடும் பன்னாட்டு விதித்தொகுப்பு சிற்றினம், பேரினம், குடும்பம் என்ற மட்டங்களோடு நின்றுவிடுகிறது. வரிசை, வகுப்பு, தொகுதி இவற்றை எப்படிப் பிரிக்க வேண்டும் என்று அது கட்டளையிடுவதில்லை. ஆகவே தேர்வு நம்முடையதுதான்.

எதை எடுத்தாலும் மாறாதது

நல்ல வேளையாக, முதுகுநாணி என்றால் யார் என்பதில் மூன்று தரப்புக்கும் சண்டை இல்லை. வாழ்நாளில் ஏதாவது ஒரு கட்டத்திலாவது சில அடையாளங்கள் தென்பட வேண்டும். உடலின் நீளவாக்கில் ஓடும், வளைந்துகொடுக்கும் முதுகுநாண். அதற்கு மேலே முதுகுப்பக்கமாக, உள்ளே குழாய்போல வெற்றிடம் கொண்ட நரம்புவடம். தொண்டைச் சுவரில் செவுள் பிளவுகள். மலவாயைத் தாண்டி நீளும் வால். தொண்டையின் அடியில் சளி சுரக்கும் எண்டோஸ்டைல் என்ற பள்ளத்தை ஐந்தாவதாகச் சேர்ப்பவர்களும் உண்டு. முதுகெலும்பிகளில் அதன் இடத்துக்கு தைராய்டு சுரப்பி வந்துவிடுகிறது. லாம்ப்ரே என்ற தாடையில்லா மீனின் குஞ்சில் இதை நேராகவே பார்க்கலாம்: சேற்றில் புதைந்து நீரை வடிகட்டித் தின்கிற பருவத்தில் எண்டோஸ்டைலாக இருக்கும் உறுப்பு, உருமாற்றத்தின்போது தைராய்டாக மாறுகிறது.

மேலே 'ஏதாவது ஒரு கட்டத்திலாவது' என்று சொன்னதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள். மனிதனுக்கு வாலும் இல்லை, செவுளும் இல்லை. ஆனால் கருவில் வால் இருந்து சுருங்கி, முதுகெலும்பின் அடியில் வாலெலும்பாக மிஞ்சுகிறது. தொண்டைப் பைகளில் ஒன்று காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாயாகிறது. முதுகுநாணின் எச்சம் முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள வட்டுகளின் கூழ்மையத்தில் இருக்கிறது. வட்டு பிதுங்கி முதுகுவலி வந்தவர்கள், முதுகுநாணி என்பதற்கான சான்றை வலியோடு அனுபவிக்கிறார்கள் என்றும் சொல்லலாம்.

முதல் சோதனை: முதுகெலும்பு இல்லாதவை

இரண்டு முறைகளும் எங்கே பிரிகின்றன என்பதைப் பார்க்கச் சரியான இடம் சுறாவோ முதலையோ அல்ல. கடலடிப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் அசிடியன்தான். வளர்ந்த அசிடியனைப் பார்த்தால் இரண்டு துளைகள் உள்ள ஒரு பை, அவ்வளவே. ஒரு துளை வழியாக நீர் உள்ளே போகும், மற்றதன் வழியாக வெளியே வரும். விலங்குகளில் அரிதான செல்லுலோஸ் அதன் மேலுறையில் இருக்கிறது. இதயம் கொஞ்ச நேரம் ஒரு திசையில் இரத்தத்தைத் தள்ளிவிட்டு, பிறகு எதிர்த்திசையில் தள்ளும். இதை மெல்லுடலிகளோடு சேர்த்திருந்ததில் வியப்பில்லை.

1866-இல் ரஷ்ய உயிரியலாளர் அலெக்சாண்டர் கோவலெவ்ஸ்கி இதன் குஞ்சை ஆராய்ந்து காட்டியபோது கதை மாறியது. குஞ்சு தவளையின் தலைப்பிரட்டைபோல நீந்துகிறது. வாலுக்குள் முதுகுநாண், அதன்மேல் நரம்புவடம், ஒளியை உணர ஒரு புள்ளி. சியோனா என்ற பேரினத்தில் அந்த முதுகுநாணில் சரியாக 40 செல்கள். சில மணி நேரமோ சில நாட்களோ நீந்திவிட்டு, தலையின் முன்பக்கத்தில் உள்ள ஒட்டும் முனைகளால் பாறையைப் பற்றிக்கொள்கிறது. அப்புறம் வாலை உடலுக்குள் இழுத்துக் கரைத்துவிடுகிறது. முதுகுநாண் காணாமல் போகிறது. நரம்புவடத்தில் பெரும்பகுதியும் போய்விடுகிறது.

மணலில் புதைந்து வாழும் ஆம்பியாக்ஸஸ் இதற்கு நேர்மாறு. சில சென்டிமீட்டர் நீளம், மீன்போன்ற உருவம், வரிவரியான தசைகள், தலையின் நுனிவரை போகும் முதுகுநாண், அதுவும் வாழ்நாள் முழுவதும். ஆனால் மண்டையோடு இல்லை, சொல்லிக்கொள்ளும்படியான மூளையும் இல்லை. 1774-இல் பல்லாஸ் இதை விவரித்தபோது நத்தை இனத்து ஓடில்லாப் பூச்சி என்று நினைத்துப் பெயர் வைத்தார்.

வகுப்பு முறை இவற்றை எப்படி அடுக்குகிறது? வால்நாணிகள் (அசிடியன் இதில்), தலைநாணிகள் (ஆம்பியாக்ஸஸ் இதில்), முதுகெலும்பிகள் என்று மூன்று துணைத்தொகுதிகள். முதல் இரண்டும் 'முன்முதுகுநாணிகள்' என்ற தலைப்பின் கீழ். படித்ததும் மனதில் ஒரு படிக்கட்டு உருவாகிவிடும்: அசிடியன் கீழே, ஆம்பியாக்ஸஸ் நடுவில், மீன் மேலே. தோற்றத்தைப் பார்த்தால் நியாயமாகவும் படும். ஆனால் 2006-இல் வெளியான விரிவான மரபணு ஒப்பீடு இந்த வரிசையைப் புரட்டிப்போட்டது. முதுகெலும்பிகளுக்கு மிக நெருங்கிய உறவு ஆம்பியாக்ஸஸ் இல்லை, அந்தப் பை வடிவ அசிடியன்தான். ஆம்பியாக்ஸஸ்தான் முதலில் பிரிந்த கிளை. அடுத்து வந்த ஆய்வுகளும் இதையே உறுதிப்படுத்தின. அசிடியன் எளிமையாகவே பிறந்ததல்ல, இருந்ததை இழந்து எளிமையானது. இந்தச் செய்தியைக் கிளை முறையில் ஒரே கோட்டில் காட்டிவிடலாம். 'முன்முதுகுநாணிகள்' என்ற தலைப்பை வைத்துக்கொண்டு இதைச் சொல்லவே முடியாது. இந்தப் பகுதியில் என் ஓட்டு தயக்கமில்லாமல் கிளை முறைக்கு.

இடையில் ஒன்று. உங்கள் கையில் உள்ள நூல் பலனோகுளோசஸ் என்ற புழு வடிவக் கடல்விலங்கு முதலிய அரைநாணிகளை இன்னும் முதுகுநாணிகளுக்குள் ஒரு துணைத்தொகுதியாக வைத்திருந்தால், அது பழைய நூல். அவற்றின் தொண்டையிலிருந்து முன்னோக்கி நீளும் சிறு குழலை முதுகுநாண் என்று எண்ணிச் சேர்த்தார்கள். இன்று அரைநாணிகள் தனித்தொகுதி, நட்சத்திரமீன் போன்ற முட்தோலிகளுக்கு நெருக்கமானவை. இதில் வகுப்பு முறையும் கிளை முறையும் ஒரே கட்சி.

வகுப்பு முறையின் பலம்

முதுகெலும்பிகளுக்கு வந்தால் வகுப்பு முறையை அவ்வளவு லேசாகத் தள்ளிவிட முடியாது. 1758-இல் லின்னேயஸ் போட்ட பட்டியல் இன்றைய கண்ணுக்கு விநோதமாக இருக்கும். திமிங்கிலத்தைப் பாலூட்டிகளில் வைத்தார், அது சரி. ஆனால் பாம்பு, பல்லி, தவளையோடு சுறாவையும் சேர்த்து ஒரே வகுப்பாக்கினார். தாடையில்லாத ஹேக்மீனைப் புழுக்களில் போட்டார். அங்கிருந்து திருத்தித் திருத்தி வந்ததுதான் இன்றைய பாடநூல் அமைப்பு: தாடையற்றவை ஒரு பக்கம், தாடையுள்ளவை மறுபக்கம். தாடையுள்ளவற்றில் குருத்தெலும்பு மீன்கள், எலும்பு மீன்கள், இருவாழ்விகள், ஊர்வன, பறவைகள், பாலூட்டிகள்.

இதன் பெரிய வசதி, கையில் இருக்கும் விலங்கை உடனே ஒரு இடத்தில் வைக்க முடிவது. ரோமமும் பாலும் இருந்தால் பாலூட்டி. இறகு இருந்தால் பறவை. உலர்ந்த செதில் தோல், நிலத்தில் இடும் முட்டை, ஊர்வன. ஈரமான செதிலற்ற தோல், பெரும்பாலும் நீரில் இடும் உறையில்லா முட்டை, இருவாழ்வி. துடுப்பும் செவுளும் இருந்தால் மீன். எந்தக் கிளைப் படமும் இந்த வேகத்தில் பதில் சொல்லாது. உறவை அறிய மரபணு வேண்டும், அல்லது மண்டையோட்டுத் துளைகளை எண்ண வேண்டும்.

உடல் இயங்கும் விதத்தைப் பேசும்போதும் இந்தப் பெயர்கள் வேலை செய்கின்றன. மீனின் இதயத்தில் இரண்டு அறைகள். இரத்தம் ஒரே சுற்றில் செவுளுக்குப் போய் அப்படியே உடலுக்கும் போய்விடும். இருவாழ்விகளிலும் பெரும்பாலான ஊர்வனவற்றிலும் மூன்று. பறவையிலும் பாலூட்டியிலும் நான்கு. எண்ணிக்கையிலும் மீன்களை ஒதுக்கிவிட முடியாது: 70,000-க்கும் மேற்பட்ட முதுகெலும்பிச் சிற்றினங்களில் ஏறத்தாழப் பாதி மீன்கள். அவ்வளவு பெரிய கூட்டத்துக்கு ஒரு பொதுப்பெயரே கூடாது என்று சொன்னால் மீனைப் பற்றி ஆராய்கிறவர்களே கேட்க மாட்டார்கள்.

எங்கே உடைகிறது

கிளை முறையை ஒழுங்கான கோட்பாடாக்கியவர் வில்லி ஹென்னிக் என்ற ஜெர்மானியப் பூச்சியியலாளர். 1950-இல் வெளியான அவரது கருத்துகள் 1966-இல் ஆங்கிலத்தில் வந்த பிறகுதான் உலகெங்கும் பரவின. அவரது நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒரு குழுவுக்குப் பெயர் வைத்தால், ஒரு பொது மூதாதையும் அதன் அத்தனை வழித்தோன்றல்களும் அதற்குள் இருக்க வேண்டும். ஒரு தாத்தாவின் பேரப்பிள்ளைகளைப் பட்டியல் போடும்போது, வெளியூர் போய் நடை உடை மாறிவிட்டாள் என்பதற்காக ஒருத்தியின் பிள்ளைகளை மட்டும் விட்டுவிடக் கூடாது.

இந்த அளவுகோலை வைத்தால் முதலில் விழுவது ஊர்வன. முதலையைப் பல்லியோடு சேர்ப்பது செதிலையும் நடையையும் பார்த்துத்தான். நெஞ்சைத் திறந்தால் வேறு விலங்கு. பல்லியின் இதயத்தில் கீழறை முழுமையாகப் பிரியாதது. முதலைக்கோ பறவையைப்போல முழுதாகப் பிரிந்த நான்கு அறைகள். அதோடு, இரண்டு பெருந்தமனிகளை இணைக்கும் ஒரு சிறு துளையும் இருக்கிறது. கூடு கட்டி, முட்டையைக் காத்து, பொரித்த குஞ்சை வாயில் கவ்வி நீருக்குக் கொண்டுபோகும் தாய் அது. உயிரோடு இருக்கும் விலங்குகளில் முதலைக்கு மிக நெருங்கிய உறவு பறவைகளே. ஆக, முதலையை உள்ளே வைத்துப் பறவையை வெளியே நிறுத்தும் 'ஊர்வன' அந்த நிபந்தனையில் தேறாது. 1861-இல் ஜெர்மனியில் அறியப்பட்ட ஆர்க்கியாப்டெரிக்ஸ் புதைபடிவத்தில் இறகும் இருந்தது, பல்லும் நீண்ட எலும்பு வாலும் இருந்தன. 1996 முதல் சீனாவில் இறகுள்ள டைனோசர்கள் ஒவ்வொன்றாக வெளிவந்த பிறகு, ஊர்வனவுக்கும் பறவைக்கும் நடுவே கோடு போடுகிறவர் எங்கே போட்டாலும் அது அவர் விருப்பம்தான்.

ஆமைகளும் ஒரு பாடம். கண்ணுக்குப் பின்னால் மண்டையோட்டில் துளை இல்லை என்பதை வைத்து அவற்றை ஊர்வனவற்றின் அடிமட்டத்தில் வைத்திருந்தார்கள். மரபணுத் தொகுதிகளைப் படித்த பிறகு அவை முதலை, பறவைக் கிளைக்குப் பக்கத்தில் வந்துவிட்டன. துளை பிற்பாடு அடைபட்டிருக்கிறது. நியூசிலாந்தில் மட்டும் இருக்கும் துவாத்தாரா பார்க்கப் பல்லி மாதிரியே இருக்கும், ஆனால் பல்லியும் பாம்பும் சேர்ந்த கிளைக்கு வெளியே நிற்கும் தனி வழி.

அடுத்து விழுவது மீன். நுரையீரல் மீன்கள் இன்று ஆறு சிற்றினங்கள்: ஆப்பிரிக்காவில் நான்கு, தென் அமெரிக்காவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று. துடுப்பு, செதில், நீர்வாழ்க்கை எல்லாம் மீனுக்குரியவை. இருந்தும் சூரைமீனைவிட நமக்குத்தான் அவை நெருக்கம். 1938-இல் தென்னாப்பிரிக்கக் கடலில் உயிரோடு பிடிபட்ட சீலகாந்தும் அப்படித்தான், அதன் சதைப்பற்றான துடுப்புக்குள் இருக்கும் எலும்பு அமைப்பு காலை நினைவூட்டுகிறது. 2013-இல் சீலகாந்தின் மரபணுத் தொகுதி வெளியானபோது, நான்குகாலிகளுக்கு (இருவாழ்வி, ஊர்வன, பறவை, பாலூட்டி எல்லாம் சேர்ந்த கிளை) அதைவிட நெருங்கியது நுரையீரல் மீனே என்பது தெளிவாயிற்று. மீன் என்ற பெயரைக் கண்டிப்பாக வைத்தே தீருவேன் என்றால், தவளையையும் குருவியையும் நம்மையும் மீன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

நான்கு அறை இதயமும் வெப்ப இரத்தமும் இன்னொரு பொறி. வகுப்பு அட்டவணையில் பறவையும் பாலூட்டியும் அடுத்தடுத்த வரியில் வருவதால், இரண்டும் ஒரே இடத்திலிருந்து இவற்றைப் பெற்றன என்று தோன்றிவிடும். அவை தனித்தனியாக உருவானவை. குளிர் இரத்தம் மீனின் இலக்கணம் என்பதும் முழு உண்மையில்லை. ஓபா என்ற கடல்மீன் உடல் முழுவதையும் சூடாக வைத்துக்கொள்கிறது என்று 2015-இல் தெரியவந்தது.

சரி, முட்டையிடும் பிளாட்டிபஸ்? எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். உண்மையில் இது எந்த முறைக்கும் தலைவலி இல்லை. ரோமம் இருக்கிறது, காம்பில்லாமல் தோல் வழியே பால் கசிகிறது, பாலூட்டிகளில் முதலில் பிரிந்த கிளை. குட்டி போடுவது பாலூட்டியின் அடையாளம் என்று யாரோ எழுதிவைத்ததால் வந்த குழப்பம்தான் அது.

கிளை முறையின் தொல்லைகள்

இவ்வளவு படித்தபின் எல்லோரும் கிளைப் படத்துக்கே போய்விடலாமே என்று தோன்றும். ஆனால் அதைப் பயன்படுத்திப் பார்த்தவர்களுக்கு அதன் சங்கடம் தெரியும். ஒவ்வொரு பிரிவுப் புள்ளிக்கும் ஒரு பெயர் கேட்கும். மனிதனுக்கும் நுரையீரல் மீனுக்கும் நடுவே மட்டும் டஜன் கணக்கில் பெயர் வந்து நிற்கும். வகுப்பு, வரிசை போன்ற படிநிலைகள் இல்லாததால் புதிதாகப் படிப்பவருக்கு எது பெரியது, எது சிறியது என்று பிடிபடாது. புதிய தரவு வந்தால் படம் மாறும், ஆமை இடம் பெயர்ந்ததுபோல. இந்த முறையில் பெயரிட ஃபைலோகோட் என்ற தனி விதித்தொகுப்பு 2020-இல் நடைமுறைக்கு வந்தது, இருந்தும் பழைய பெயர்களே பெரும்பாலான இடங்களில் புழங்குகின்றன.

ஹேக்மீனைப் பாருங்கள். அதற்கு மண்டையோடு உண்டு, சரியான முள்ளெலும்பு இல்லை, முதுகுநாண் ஆயுள் முழுவதும் இருக்கிறது. அதனால் 'மண்டையோடுள்ளவை' என்று ஒரு பெரிய குழு, அதற்குள் ஹேக்மீனை விட்டுவிட்டு 'முதுகெலும்பிகள்' என்று இன்னொரு குழு என ஒரு காலத்தில் கிளை முறைக்காரர்களே பிரித்தார்கள். பிறகு மரபணு ஆய்வுகள் ஹேக்மீனும் லாம்ப்ரேயும் ஒரே கிளை என்று காட்டின. 2011-இல் ஹேக்மீனின் வால்பக்கத்தில் முள்ளெலும்பு போன்ற சிறு துண்டுகள் இருப்பதும் விவரிக்கப்பட்டது. கடைசியில் இரண்டையும் வட்டவாயின என்று ஒன்றாக வைத்திருந்த பழைய நூலின் கணக்கே சரியாகிவிட்டது! புதுசு என்பதாலேயே ஒன்று சரியாகிவிடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

எதை எடுப்பது

கலப்பு முறைக்கு எர்ன்ஸ்ட் மாயர் போன்ற பெரிய பரிணாமவியலாளர்களே வாதாடியிருக்கிறார்கள். உறவு மட்டும் போதாது, எவ்வளவு மாறியிருக்கிறது என்பதும் கணக்கில் வர வேண்டும், பறவை அவ்வளவு மாறிவிட்டதால் தனி வகுப்பு கொடுக்கலாம் என்பது அவர்கள் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. எவ்வளவு மாறினால் தனி வகுப்பு என்று கேட்டால்தான் பதில் இல்லை.

ஆனாலும் ஒரு விதக் கலப்பையே நான் பரிந்துரைப்பேன், வேறு காரணத்துக்காக. இரண்டு முறைகளும் எதிரெதிர் துருவம்போலப் பேசப்படுகின்றன. பழக்கமான பெயர்களை ஒவ்வொன்றாகக் கிளைப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை அப்படியே பொருந்திவிடுகின்றன. முதுகுநாணிகள், முதுகெலும்பிகள், தாடையுள்ளவை, குருத்தெலும்பு மீன்கள், நான்குகாலிகள், இன்று வாழும் இருவாழ்விகள், பறவைகள், பாலூட்டிகள் எல்லாம் சுத்தமான கிளைகள். வட்டவாயினவும் தேறிவிட்டன. உடைபவை முன்முதுகுநாணிகள், மீன்கள், அதற்குள் எலும்பு மீன்கள், அப்புறம் ஊர்வன. அழிந்துபோன கவச மீன்களையும் சேர்த்தால் தாடையற்றவையும் உடையும். இந்தச் சில பெயர்களுக்காக முழு அமைப்பையும் தூக்கி எறிய வேண்டியதில்லை, அவற்றை மறைத்து வைக்கவும் கூடாது.

ஆகவே முதல் பக்கத்தில் கிளைப் படத்தை வரையுங்கள், பத்துப் பதினைந்து பிரிவுக்கு மேல் போகாமல். அதன்மேல் வகுப்புப் பெயர்களை எழுதுங்கள். உடையும் பெயர்களை மட்டும் மேற்கோள் குறிக்குள் போடுங்கள். பண்புகளை விலங்கின் பெயருக்கு எதிரே எழுதாமல், அந்தப் பண்பு தோன்றிய கிளையின் மேலேயே குறியுங்கள்: தாடை இங்கே, நான்கு கால் இங்கே, பனிக்குடம் உள்ள முட்டை இங்கே. பாம்புக்கு ஏன் கால் இல்லாமலே நான்குகாலிகளில் இடம் என்ற கேள்வி அப்போது எழாது. கால் தோன்றிய கோட்டுக்குப் பின்னால்தான் பாம்பு இருக்கிறது, பிற்பாடு இழந்திருக்கிறது.

தேர்வுக்குப் படிப்பவர் மட்டும் தன் பாடத்திட்டம் எந்த முறையில் இருக்கிறதோ அதையே விடையில் எழுதட்டும், மதிப்பெண் போடுகிறவரோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை. களத்தில் இனம் காண்பவருக்கும் மீன்வளத்தில் வேலை செய்பவருக்கும் வகுப்பு முறையே போதும். இருவாழ்விகளையும் ஊர்வனவற்றையும் ஒன்றாக ஆராயும் துறையே இன்றும் நடக்கிறது, கிளைப்படி அதற்கு நியாயமே இல்லாவிட்டாலும். கூடம் அமைப்பவர் மட்டும் துணிந்து கிளை முறைக்குப் போகலாம்: முதலையின் எலும்புக்கூட்டைப் பல்லியின் பக்கத்திலிருந்து எடுத்து நெருப்புக்கோழியின் பக்கத்தில் வைத்து, இரண்டின் இதயத்தையும் மாதிரியாகச் செய்து நடுவில் வைத்தால் விளக்க அட்டையில் இரண்டு வரிக்கு மேல் எழுத வேண்டியிருக்காது.